குழந்தைக்குக் கரப்பான்: பயப்பட வேண்டியது ஸ்டீராய்டு க்ரீமுக்கா, அதைத் தடவும் முறைக்கா?

இரவு 2 மணி. ஒன்றரை வயதுக் குழந்தை தூங்கவில்லை. கன்னத்தையும் முழங்கை மடிப்பையும் சொறிந்து சொறிந்து, தலையணை உறையில் ரத்தப் பொட்டு. ஒரு கையால் குழந்தையின் விரல்களைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் மொபைலில் தேடிக்கொண்டிருக்கிறார் அம்மா. காலையில் டாக்டர் எழுதிக்கொடுத்த ட்யூப் இன்னும் பிரிக்கப்படாமல் மேஜையில் இருக்கிறது. அது ஸ்டீராய்டு க்ரீம் என்று தெரிந்ததிலிருந்து அதைத் தொடவே பயம்.

"பச்சைப் புள்ளைக்கு ஸ்டீராய்டா? வேணாம்மா, தேங்காண்ணெய் தடவு, தானா போயிடும்" என்கிறார் பாட்டி. "மெடிக்கல்ல கேட்டேன், இதைப் போட்டா ரெண்டே நாள்ல சரியாயிடுமாம்" என்று வேறொரு ட்யூபை வாங்கி வந்திருக்கிறார் அப்பா.

கரப்பான் உள்ள குழந்தை இருக்கும் பல வீடுகளில் நடக்கும் காட்சி இது. மூன்று பேருக்கும் குழந்தைமேல் அக்கறைதான். ஆனால், இந்த மூன்று வழிகளில் உண்மையிலேயே ஆபத்தானது எது?

கரப்பான் என்றால் என்ன?

மருத்துவர்கள் இதை 'எக்ஸிமா' அல்லது 'அடோபிக் டெர்மடைட்டிஸ்' என்பார்கள். நம் தோலின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர் மாதிரி. செல்கள் செங்கல், இடையில் உள்ள கொழுப்புதான் சிமென்ட். கரப்பான் உள்ள குழந்தைக்கு இந்தச் சுவரில் விரிசல். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறிவிடுகிறது. வெளியில் உள்ள தூசி, சோப்பு, வியர்வை எல்லாம் உள்ளே போய் உறுத்துகின்றன. உடலின் எதிர்ப்பு சக்தி தேவைக்கு மேல் கோபப்படுகிறது. விளைவு, அரிப்பு. சொறியச் சொறிய விரிசல் பெரிதாகிறது, அரிப்பும் கூடுகிறது.

தோல் சுவரை இறுக்கமாக வைத்திருக்கும் 'ஃபிலாக்ரின்' என்ற புரதத்துக்கான மரபணுவில் கோளாறு இருந்தால் கரப்பான் வரும் வாய்ப்பு அதிகம் என்பது 2006-ல் கண்டறியப்பட்டது. பெற்றோருக்கு ஆஸ்துமா, மூக்கு ஒழுகும் அலர்ஜி இருந்தாலும் குழந்தைக்கு வரும் வாய்ப்பு கூடும். அம்மா சாப்பிட்டதாலோ, சுத்தமாக வைத்துக்கொள்ளாததாலோ வந்த நோய் இல்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளவும் செய்யாது.

கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் கன்னம், தலை, கை கால்களின் வெளிப்புறம். கொஞ்சம் வளர்ந்த பிறகு முழங்கை, முழங்கால் மடிப்புகள், கழுத்து. வெள்ளைத் தோலில் 'சிவப்பாக' இருக்கும் என்று இணையத்தில் படித்துவிட்டுத் தேடினால் ஏமாறுவீர்கள். நம் நிறத்தில் அது கருமையாகவோ, ஊதா கலந்தோ, சாம்பல் பூத்த மாதிரியோ தெரியும்.

ஒரு எச்சரிக்கை. அரிக்கும் எல்லாமே கரப்பான் கிடையாது. வீட்டில் மற்றவர்களுக்கும் ராத்திரியில் அரிப்பு இருந்தால் அது சிரங்காக இருக்கலாம். வட்டமாக, ஓரம் தடித்துப் பரவினால் படர்தாமரையாக இருக்கலாம். படர்தாமரையில் ஸ்டீராய்டு தடவினால் முதலில் குறைவதுபோல் காட்டிவிட்டுப் பிறகு பல மடங்கு பரவும். அதனால்தான் முதல் வேலை, டாக்டர் ஒருமுறை நேரில் பார்ப்பது.

இது ஜிம் ஸ்டீராய்டா?

இல்லை. தசை வளர்க்கப் போடும் ஸ்டீராய்டு வேறு குடும்பம். தோல் க்ரீமில் இருப்பது, நம் அட்ரினல் சுரப்பி தானாகவே சுரக்கும் கார்டிசால் வகையைச் சேர்ந்தது. வேலை ஒன்றுதான்: அழற்சியை அடக்குவது. 1952-ல் அமெரிக்காவில் சல்ஸ்பர்கர், விட்டன் என்ற இரு மருத்துவர்கள் ஹைட்ரோகார்டிசோனைத் தோலில் தடவினால் எக்ஸிமா குறைகிறது என்று காட்டினார்கள். எழுபது ஆண்டுகளுக்கு மேல் புழக்கத்தில் உள்ள மருந்து இது.

ஆனால் 'ஸ்டீராய்டு க்ரீம்' என்பது ஒரே மருந்து இல்லை. வீரியத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. 1% ஹைட்ரோகார்டிசோன், டெசோனைடு போன்றவை மென்மையானவை. குழந்தையின் முகத்துக்குப் பொதுவாக இந்த வகைதான் எழுதுவார்கள். மொமெட்டசோன், பெட்டமெத்தசோன் வாலரேட் போன்றவை அதைவிட வலுவானவை. குளோபெட்டசால் உச்சத்தில் இருக்கிறது. 'ஸ்டீராய்டு போடலாமா, கூடாதா' என்று கேட்பதைவிட, 'எந்த ஸ்டீராய்டு, எந்த இடத்தில், எத்தனை நாள்' என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

தோல் மெலிந்துவிடாதா?

மெலியலாம். வலுவான க்ரீமை ஒரே இடத்தில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், கோடு விழும், ரத்த நாளங்கள் தெரியும். கண்ணைச் சுற்றி நீண்ட நாள் போட்டால் கண் அழுத்தம் கூடலாம். டயப்பர் மூடும் இடத்தில் மருந்து அதிகமாக உள்ளே இழுக்கப்படும். வலுவான க்ரீமை நீண்ட காலம் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தும்போது தோல் எரிந்து சிவக்கும் எதிர்வினை சிலருக்கு வரலாம் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-ல் எச்சரித்திருக்கிறது. இந்தப் பயமெல்லாம் ஆதாரமில்லாதது இல்லை.

ஆனால் முறையாகப் பயன்படுத்தும்போது என்ன நடக்கிறது? 2022-ல் வெளியான காக்ரேன் ஆய்வறிக்கை இதைத் தொகுத்துப் பார்த்தது. தோல் மெலிவைக் கவனித்த 22 ஆய்வுகளில் பங்கேற்ற 2,266 பேரில் 26 பேருக்குத்தான் அது பதிவாகியிருந்தது. அதாவது சுமார் 1%. அதிலும் பெரும்பாலானவை வலுவான வகைகளால் வந்தவை. அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது: வலுவான க்ரீமை நாளுக்கு ஒருமுறை தடவினாலும் இரண்டு முறை தடவிய அளவுக்குப் பலன் கிடைக்கும். இந்த ஆய்வுகளில் பல குறுகிய காலத்தவை. ஆண்டுக்கணக்கில் போடுவதற்கு இது அனுமதிச் சீட்டு ஆகாது.

குழந்தையின் தோலில் வெளிர் திட்டுகள் வந்தால் உடனே க்ரீமைத்தான் திட்டுவோம். பெரும்பாலும் அது கரப்பான் ஆறிய தடம். சில மாதங்களில் தானாக நிறம் திரும்பும்.

எவ்வளவு தடவ வேண்டும்?

இங்கேதான் பல வீடுகளில் தப்பு நடக்கிறது. பயத்தில் ஒரு பொட்டு எடுத்து, பாதி இடத்தில் தேய்த்து, இரண்டாவது நாளே நிறுத்திவிடுகிறார்கள். அழற்சி முழுசாக அடங்குவதில்லை. நாலு நாளில் திரும்பி வருகிறது. மறுபடி ஒரு பொட்டு. கடைசியில் மாதம் முழுக்க அரைகுறையாக மருந்து போட்டதுதான் மிச்சம். குழந்தைக்குத் தூக்கமும் இல்லை.

இதற்கு 1991-ல் பிரிட்டன் மருத்துவர்கள் ஒரு எளிய அளவைக் கொண்டுவந்தார்கள். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபிலிருந்து ஒரு கோடு பிதுக்குங்கள். அது சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு, ஒரு கை முழுக்கத் தடவ ஒன்றரை விரல் அளவு. ஒரு கால் முழுக்க இரண்டு விரல் அளவு.

கரப்பான் உள்ள இடத்தில் மட்டும், டாக்டர் சொன்ன நாள் வரை, பொதுவாகச் சொரசொரப்பும் அரிப்பும் அடங்கும்வரை தடவ வேண்டும். அடிக்கடி திரும்பி வரும் குழந்தைகளுக்கு, அடங்கிய பிறகும் வாரம் இரண்டு நாள் மட்டும் அதே இடங்களில் தடவச் சொல்வார்கள். இரண்டு வயதுக்கு மேல், முகம் போன்ற மென்மையான இடங்களுக்கு டாக்ரோலிமஸ் 0.03% என்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்பையும் எழுதுவதுண்டு.

மெடிக்கல் ஷாப் ட்யூபில் என்ன இருக்கிறது?

அப்பா வாங்கி வந்த ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். கடையில் 'அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட்' என்று கேட்டால் கையில் வருவது பல நேரம் கலவை க்ரீம். ஒரு வலுவான ஸ்டீராய்டு, பெரும்பாலும் குளோபெட்டசால் அல்லது பெட்டமெத்தசோன், அதோடு பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் எல்லாம் ஒன்றாக. இரண்டு நாளில் 'மேஜிக்' மாதிரி குறையக் காரணம் அந்த வலுவான ஸ்டீராய்டுதான். டாக்டர் எழுதிய மென்மையான க்ரீமுக்குப் பயந்து, அதைவிடப் பல மடங்கு வீரியமுள்ளதைக் குழந்தையின் கன்னத்தில் தடவுகிறோம்.

முகத்தில் ஸ்டீராய்டைத் தவறாகப் பயன்படுத்திச் சேதமடைவதற்கென்றே இந்தியத் தோல் மருத்துவர்கள் தனிப்பெயர் வைக்கும் அளவுக்கு இது இங்கே பெரிய பிரச்சினை. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'ஷெட்யூல் எச்' பட்டியலில் கொண்டுவந்தது. ஆனாலும் கவுன்டரில் கேட்டால் கிடைக்கத்தான் செய்கிறது.

'ஹெர்பல்' என்றால் பாதுகாப்பா?

பிரிட்டனின் பர்மிங்ஹாமில், எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்குப் பெற்றோர் தடவிய 'மூலிகை' க்ரீம்களைச் சோதித்த ஆய்வு 2003-ல் வெளியானது. 24 க்ரீம்களில் 20-ல் ஸ்டீராய்டு கலந்திருந்தது, சிலவற்றில் குளோபெட்டசால். லேபிளில் அது பற்றி ஒரு வார்த்தை இல்லை. உள்ளே இருக்கும் பொருட்களின் பட்டியலும் தயாரிப்பு உரிம எண்ணும் இல்லாமல், வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து டப்பாவில் வரும் க்ரீம் 'அதிசயமாக' வேலை செய்தால், சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

பாட்டி சொன்ன தேங்காய் எண்ணெய்?

பாட்டி சொன்னதில் பாதி சரி. பிலிப்பைன்ஸில் லேசானது முதல் மிதமானது வரை கரப்பான் இருந்த 117 குழந்தைகளிடம் 8 வாரம் நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. வெர்ஜின் தேங்காய் எண்ணெய் தடவியவர்களுக்கு நோயின் தீவிரம் சராசரியாக 68% குறைந்தது. மினரல் ஆயில் தடவியவர்களுக்கு 38%. ஒரே ஆய்வுதான், இருந்தாலும் நல்ல செய்தி. வாசனை சேர்க்காத எண்ணெய் ஈரத்தைப் பூட்டிவைக்க உதவும். ஆனால் கொழுந்துவிட்டு எரியும் கரப்பானை அது மட்டும் அணைக்காது. நீர் வடியும் புண்ணில் தடவவும் கூடாது. ஆலிவ் எண்ணெய் வேண்டாம். அது தோல் சுவரைப் பலவீனப்படுத்துவதாக 2013-ல் பெரியவர்களிடம் நடத்திய சிறிய ஆய்வு ஒன்று காட்டியது.

தினசரிக் கவனிப்பின் அடித்தளம் மாய்ஸ்சரைசர்தான். வாசனை இல்லாததாக, கெட்டியானதாக இருக்கட்டும். எவ்வளவு? பிரிட்டனின் வழிகாட்டுதல்கள் ஒரு குழந்தைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் என்கின்றன. நாம் வாங்கும் 50 கிராம் ட்யூப் ஒரு நாள், இரண்டு நாள் கணக்கு. அதனால் விலை உயர்ந்த சின்ன ட்யூபைவிட, கட்டுப்படியாகும் பெரிய டப்பா மேல். கரப்பான் இல்லாத நாளிலும் உடம்பு முழுக்கத் தடவ வேண்டும். ஸ்டீராய்டுக்கும் இதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் இடைவெளி விடுங்கள்.

குளியலில் கவனிக்க வேண்டியவை:

- வெதுவெதுப்பான தண்ணீர், 5 முதல் 10 நிமிடம் போதும்.
- நலங்கு மாவு, கடலை மாவு, மஞ்சள் போட்டுத் தேய்ப்பதை நிறுத்திவையுங்கள். விரிசல் விட்ட தோலுக்கு அது உப்புத்தாள் மாதிரி.
- நுரை பொங்கும் சோப்புக்குப் பதில் மென்மையான, வாசனையில்லாத க்ளென்சர்.
- துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர்.
- குளியல் தண்ணீரில் கலக்கும் விசேஷ எண்ணெய்களுக்குச் செலவழிக்க வேண்டாம். 2018-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில் அவற்றால் கூடுதல் பலன் தெரியவில்லை.
- போர் தண்ணீர்தான் காரணம் என்று சாஃப்ட்னர் மாட்ட ஓட வேண்டாம். 336 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் அதனாலும் கரப்பான் கூடுதலாகக் குறையவில்லை.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். பருத்தி உடை போடுங்கள். விசேஷ நாளில் ஜரிகைப் பாவாடைக்கு உள்ளே மெல்லிய பருத்தி உடை. வியர்த்தால் உடனே துடைத்துவிடுங்கள். சாம்பிராணிப் புகை, கொசுவத்திப் புகை அருகில் வேண்டாம்.

கத்திரிக்காய், கருவாடு, முட்டை: எதை நிறுத்துவது?

'கரப்பான் பண்டம்' என்று ஒரு நீண்ட பட்டியல் எல்லா ஊரிலும் உண்டு. சில குழந்தைகளுக்கு உணவு அலர்ஜி இருக்கலாம். குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிட்ட சிறிது நேரத்தில் தடிப்பு, வாந்தி, முகவீக்கம் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் சந்தேகத்தின் பேரில் பால், முட்டை, மீன் என்று ஒவ்வொன்றாக நிறுத்தினால் வளரும் குழந்தைக்கு ஊட்டச்சத்துதான் குறையும்.

தள்ளிப்போடுவதே அலர்ஜியைக் கொண்டுவரவும் கூடும். தீவிரக் கரப்பான் அல்லது முட்டை அலர்ஜி இருந்த கைக்குழந்தைகளிடம் நடந்த 'லீப்' ஆய்வு 2015-ல் வெளியானது. முதல் வயதிலேயே வேர்க்கடலை உணவு கொடுக்கப்பட்டவர்களுக்கு, ஐந்து வயதில் வேர்க்கடலை அலர்ஜி சுமார் 80% குறைவாக இருந்தது. ஆனால் தீவிரக் கரப்பான் உள்ள குழந்தைக்கு இதைத் தொடங்கும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும். முழுக் கடலை கொடுக்கவே கூடாது, தொண்டையில் சிக்கும்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

- காய்ச்சலோடு, ஒரே அளவிலான சிறு கொப்புளங்கள் அல்லது குழி விழுந்த புண்கள் திடீரெனப் பரவினால். ஹெர்பிஸ் வைரஸ் தொற்றாக இருக்கலாம், இது அவசரம்.
- சீழ், மஞ்சள் பொருக்கு, சூடு, வலி இருந்தால்.
- கண்ணைச் சுற்றிப் புண் வந்தால்.
- சொன்னபடி ஒரு வாரம், இரண்டு வாரம் தடவியும் குறையவில்லை என்றால்.

டாக்டரைப் பார்க்கும்போது நாலு கேள்வியைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: இது மென்மையானதா, வலுவானதா? முகத்துக்கு எது, உடம்புக்கு எது? எத்தனை விரல் அளவு? எந்த நாளில் நிறுத்த வேண்டும்? 'இந்த ட்யூப் தீர்ந்தா இன்னொன்னு வாங்கிப் போடுங்க' என்பது மட்டும் பதிலாக இருந்தால், திரும்பக் கேளுங்கள்.

கரப்பான் ஒரே ட்யூபில் ஒழியும் நோய் இல்லை. வரும், அடங்கும், திரும்ப வரும். பல குழந்தைகளுக்கு வளர வளரக் குறைந்துவிடும். அதுவரை அந்த வீட்டில் பாட்டியின் எண்ணெய்க்கும் இடம் உண்டு, டாக்டரின் ட்யூபுக்கும் இடம் உண்டு. சீட்டு இல்லாமல் வாங்கிய கலவை க்ரீமுக்குத்தான் இடமில்லை. இன்று ராத்திரி குழந்தை தூங்க வேண்டும் என்றால், முதலில் பிரிக்க வேண்டியது மேஜையில் இருக்கும் அந்த ட்யூபை.