காட்டுக்குள் ஒரு கோப்பை

கடல், எங்கு நோக்கினும் கடல். அந்தப் பசிபிக் பெருங்கடலின் நடுவே குக் தீவுகள் என்று ஒரு கூட்டம். மொத்தம் பதினைந்தே தீவுகள். அவற்றுள் ஒன்று ஆத்தியூ. பரப்பு 27 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை இன்று ஐந்நூறுக்கும் குறைவு. தலைநகரிருக்கும் இரரோத்தோங்காத் தீவுக்குச் செல்ல ஏறத்தாழ 190 கிலோமீட்டர் கடலைக் கடந்தாக வேண்டும். கரையைச் சுற்றிலும் கூர்கூராய்ப் பவளப்பாறை. கப்பல் நெருங்கி நிற்க நல்ல துறைமுகம் இல்லை.

இந்தச் சின்னஞ்சிறு தீவைப் பற்றி இன்று எழுதுவானேன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. குடியைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் இரண்டே குரல்கள்தாம் எழுகின்றன. ஒன்று, குடிப்பவன் கெட்டவன், அவனை அடி, பிடி, சிறையில் பூட்டு என்று கூவும் குரல். மற்றொன்று, குடிப்பது அவனவன் விருப்பம், உனக்கென்ன வந்தது என்று கேட்கும் குரல். இந்த இரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒன்று உண்டா? அந்தத் தீவிலே அதைத் தேடிப் பார்ப்போம், வாருங்கள்.

பொழுது சாயும் நேரம். வேலை முடித்த ஆடவர் ஒற்றையடிப் பாதை வழியே காட்டுக்குள் செல்கின்றனர். அங்கே ஒரு கொட்டகை. மரத்துண்டுகளே இருக்கைகள். வட்டமாய் அமர்கின்றனர். நடுவே ஒரு பாத்திரம். அதன் பெயர்தான் துமுனு. தென்னையின் அடிமரத்தை வெட்டி, உள்ளே குடைந்து எடுத்த தொட்டி அது. நம் நாட்டிலே தென்னம்பாளையைச் சீவிக் கள் இறக்குவர். அங்கோ தென்னை கள்ளைத் தருவதில்லை, கலயத்தைத் தருகிறது! உள்ளே நுரைப்பது ஆரஞ்சுப் பழச்சாறு. சாற்றோடு சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடி வைத்தால், வெப்ப நாடல்லவா, சில நாட்களில் புளித்துப் பொங்கிப் பதமாகிவிடும். பழம் இல்லாத காலத்தில் கப்பலில் வரும் மால்ட் கைகொடுக்கும். வாலையில் வடித்த சரக்கன்று, புளித்த பானம். குடைந்த தென்னைக்குப் பதில் வேறு தொட்டிகளும் பிற்காலத்தில் புகுந்துவிட்டன. ஆனாலும் பெயர் மட்டும் துமுனுவேதான். பாத்திரத்துக்கும் அதுவே பெயர், அந்தக் கூட்டத்துக்கும் அதுவே பெயர்.

தொட்டியின் பின்னே ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவரைத் தங்காத்தா காப்பு என்று அழைக்கின்றனர். கோப்பைக்காரர் என்று பொருள். காப்பு என்றால் அவர்கள் மொழியிலே கோப்பை, நம் மொழியிலே காவல். சொல்லில் உறவில்லை, ஆனால் அவர் செய்யும் வேலையில் இரண்டும் இருக்கிறது. இத்தனை பேருக்கும் கோப்பை ஒன்றே ஒன்றுதான், சிறிய தேங்காய்ச் சிரட்டை. அவர் மொண்டு நீட்டுவார். வாங்கியவர் ஒரே மூச்சில் குடித்து, வெறுஞ்சிரட்டையை அவர் கையிலேயே திருப்பித் தர வேண்டும். பிறகு அடுத்தவர், அதன் பிறகு அதற்கடுத்தவர். தலைவனுக்குப் பொற்கிண்ணம், தொண்டனுக்குத் தகரக் குவளை என்ற பேதம் அங்கே இல்லை. எனக்கு முதலில், உனக்குப் பிறகு என்ற முந்துதலும் இல்லை. வேண்டாம் என்றால் தலையசைத்தால் போதும், வற்புறுத்துவார் எவருமில்லை.

சுற்று சில முடிந்ததும் கோப்பைக்காரர் வெறுஞ்சிரட்டையால் தொட்டியின் பக்கத்தைத் தட்டுகிறார். டக்! டக்! பேச்சு நிற்கிறது. பாட்டு நிற்கிறது. யூக்கலேலி நரம்பும் மௌனமாகிறது. எல்லோரும் தலை குனிகின்றனர். எதற்கு? வழிபாட்டுக்கு! வந்திருக்கும் விருந்தினர் எழுந்து தாம் யார், எந்த ஊர், எதற்காக வந்தோம் என்று சொல்ல வேண்டும். ஊர்ப் பேச்சு, வம்பு வழக்கு, நல்லது கெட்டது எல்லாம் அந்த வட்டத்திலே அலசப்படும். பிறகு மீண்டும் சிரட்டை சுற்றும்.

குடிக்குமிடத்திலே வழிபாடா என்று வியக்கிறீர்களா? அந்த வியப்புக்குள்தான் வரலாறு ஒளிந்திருக்கிறது.

1777 ஏப்ரலில் கேப்டன் குக்கின் படகுகள் ஆத்தியூவைத் தொட்டன. பிறகு 1823-இல் இலண்டன் மிஷனைச் சேர்ந்த ஜான் வில்லியம்ஸ் பாதிரியார் வந்தார். ரோங்கோமாத்தானே என்ற தலைவன் புதுச் சமயத்தை ஏற்றான். தீவே அவன் பின்னால் திரும்பியது. பழைய தெய்வங்கள் நெருப்புக்கு இரையாயின. பள்ளத்தாக்குகளில் பரவியிருந்த குடும்பங்கள் நடுமேட்டிலே ஊர்களாகத் திரட்டப்பட்டன. அத்தோடு நின்றதா? மக்கள் பருகி வந்த காவாவுக்கும் தடை வந்தது.

காவா என்பது என்ன? கள்ளா? சாராயமா? இரண்டுமல்ல! அது ஒரு செடியின் வேர். நம் மிளகுக்கும் வெற்றிலைக்கும் உறவான செடி. வேரை நசுக்கி நீரில் கரைத்து வடிகட்டிக் குடித்தால் நாக்கு சற்றே மரக்கும், உடல் தளரும், மனம் அமைதியாகும். புளிப்பேறுவதில்லை. ஆல்கஹால் துளியும் இல்லை. அது தலைவரும் பெரியோரும் வட்டமாய் அமர்ந்து, முறைப்படி வழங்கிப் பருகிய பானம். அந்த வட்டத்திலே பழைய சமயத்தின் வாடை வீசுகிறது என்று கண்டார்கள் பாதிரிமார்கள். எனவே தடுத்தார்கள்.

தடுத்தார்கள், சரி. வேரைப் பிடுங்கினார்கள், அதுவும் சரி. அந்த வட்டத்தை என்ன செய்தார்கள்? நாளெல்லாம் உழைத்தவன் நாலு பேரோடு அமர்ந்து பேச ஓர் இடம் வேண்டுமே, அதற்கு என்ன வழி வைத்தார்கள்? ஒன்றுமில்லை! காலி இடம் காலியாகவே இருக்குமா? வெள்ளையரின் கப்பல்கள்தாம் அத்தீவுகளுக்கு ஆரஞ்சு மரத்தைக் கொண்டுவந்தன. அந்தப் பழத்தைப் புளிக்கவைக்கும் வித்தை தாகித்தியிலிருந்து வந்தது என்பது தீவினர் வழிவழியாகச் சொல்லும் செய்தி. போதையேற்றாத வேரை ஒரு கை பிடுங்கியது, போதையேற்றும் பழத்தை மறு கை நட்டது! அமைதி தந்த பானம் பாவமென்று போயிற்று. அந்த இடத்திலே மது வந்து அமர்ந்தது. சீர்திருத்தம் செய்ய வந்தோர் செய்த சீர் இது!

மதுவையும் தடுத்தார்கள். தேவாலயம் கண்டித்தது. 1888-இல் பிரிட்டிஷ் பாதுகாப்பு, 1901-இல் நியூசிலாந்தின் ஆட்சி. அந்த ஆட்சியும் தீவு மக்கள் மதுவைத் தொடலாகாது என்றது. போலீசு வந்தது. தொட்டிகள் உடைந்தன. மக்கள் விட்டார்களா? ஊரை விட்டுக் காட்டுக்குள் போனார்கள். அந்தக் கூட்டங்களுக்குப் பள்ளி என்றே பெயர் விழுந்தது. சட்டத்துக்குத் தெரியாமல் நடந்த பள்ளி. அந்தப் பள்ளியிலே பழைய காவா வட்டத்தின் ஒழுங்கும் புதிய தேவாலயத்தின் வழிபாடும் ஒன்றாய்க் கலந்தன. ஒரே கோப்பை, ஒருவரே வழங்குநர், முறை தவறாத சுற்று என்பவை பாட்டன் தந்தவை. நடுவே வரும் வழிபாடு பாதிரியார் தந்தது. தடுத்தவனின் வழிபாட்டையே தடுக்கப்பட்டவன் தன் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டான்! காட்டுக்குள் அமர்ந்தவர்கள் காட்டுமிராண்டிகளா? தமக்குத் தாமே சட்டம் வகுத்துக்கொண்டவரை அப்படி அழைக்க யாருக்கு வாய் வரும்?

இங்கே ஒருவர் எழுந்து, "தீவும் குடியும் சேர்ந்தால் என்னவாகும் என்பதற்குப் பிட்கேர்ன் சாட்சியில்லையா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆத்தியூவிலிருந்து ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவில் பிட்கேர்ன் தீவு. 1789-இல் பவுண்டி என்ற கப்பலிலே கலகம் செய்த மாலுமிகளில் ஒன்பது பேர், பாலினேசிய ஆடவர் ஆறு பேரோடும் சில பெண்களோடும் 1790-இல் அங்கே ஒளிந்துகொண்டனர். அந்த ஒன்பதில் ஒருவன் மெக்காய். ஸ்காட்லாந்தில் சாராய வடிசாலையில் வேலை பார்த்தவன். 1798-இல் தீ என்னும் செடியின் கிழங்கைக் கொண்டு, கப்பலின் செப்புக் கொப்பரையிலே சாராயம் காய்ச்சினான். குடித்தான், வெறி பிடித்தது, பாறையிலிருந்து பாய்ந்து மாண்டான். அவன் கூட்டாளி குவின்டல் குடிவெறியில் மற்றவரைக் கொல்வேன் என்று மிரட்டினான். 1799-இல் தோழர்கள் இருவரே அவனைக் கோடரியால் வெட்டிச் சாய்த்தனர். 1800-இல் யங் நோயால் இறந்தான். வந்த ஆடவரில் மிஞ்சியவன் ஆடம்ஸ் ஒருவனே. 1808-இல் ஓர் அமெரிக்கக் கப்பல் வந்தபோதுதான் உலகம் இக்கதையை அறிந்தது.

பார்த்தீர்களா குடியின் கேட்டை என்று இதோடு முடித்துக்கொள்வோர் பலர். ஆனால் கணக்கை முழுதும் பார்க்க வேண்டாமா? அத்தீவிலே பெரும் இரத்தம் சிந்தியது 1793-இல். மெக்காயின் கொப்பரை அடுப்பேறுவதற்கு ஐந்தாண்டுகள் முன்னால்! அந்த ஆண்டில் வெள்ளையர் ஐவர் மாண்டனர். பாலினேசிய ஆடவரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. காரணம் என்ன? நிலத்தை வெள்ளையர் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர், பாலினேசியருக்குப் பிடி மண் இல்லை. பெண்களையும் பங்கிட்டனர். உடன் வந்தவரை அடிமைகளாக்கி அடித்தனர். அந்த இழிவுதான் வெடித்தது. குடி பிறகு வந்தது, எரிகிற வீட்டிலே எண்ணெயாக! தீ மூட்டியது எது என்பதை மறந்துவிட்டு எண்ணெயை மட்டும் ஏசுவது வரலாறாகாது.

இரண்டு தீவுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றிலே கோப்பையை வழங்குபவர் இருந்தார், தட்டினால் நிறுத்தும் ஊர் இருந்தது. மற்றொன்றிலே கொப்பரை மட்டுமே இருந்தது, ஊரே இல்லை. ஒருவரையொருவர் அஞ்சி ஒளிந்து வாழ்ந்த நான்கு ஆண்களை ஊர் என்று எவர் சொல்வார்?

இதனால் மது நல்லது என்று சொல்ல வந்தேனா? இல்லை, இல்லவே இல்லை. மது ஈரலைத் தின்னும், அறிவை மயக்கும். தென்னந்தொட்டியில் இருந்தாலும் கண்ணாடிப் புட்டியில் இருந்தாலும் அதன் குணம் ஒன்றே. ஆத்தியூவின் வட்டத்திலும் குறையுண்டு. அது ஆண்களின் வட்டம். வெளியூர்ப் பெண்கள் இன்று விருந்தினராக வந்து அமர்கின்றனர். உள்ளூர்ப் பெண்ணுக்கு அந்த மரத்துண்டிலே வழக்கமாக இடமில்லை. கணவன் காட்டிலிருந்து எந்த நிலையில் திரும்புவான் என்று வீட்டிலே காத்திருப்பவள் அவளல்லவா? அவளுக்குக் குரலில்லாத வட்டம் முழுவட்டமாகுமா? சமத்துவச் சிரட்டை வீட்டு வாசலிலே நின்றுவிடுகிறது. இதை மறைத்துவிட்டு அத்தீவைப் புகழ்ந்தால், அது பயணிகளுக்கு அச்சடிக்கும் விளம்பரத் தாளாகிவிடும்.

1965 ஆகஸ்டு 4-இல் குக் தீவுகள் தன்னாட்சி பெற்றன. நியூசிலாந்துக் குடியுரிமை கையிலிருப்பதால் இளைஞர் வேலை தேடி அங்கே பறக்கின்றனர். ஊர் மெலிகிறது. துமுனுக்கோ இன்று சுற்றுலாக்காரர் வருகின்றனர். அமர்ந்து குடித்து, ஒரு தொகையை அன்பளிப்பாக வைத்துவிட்டுப் போகின்றனர். ஒரு காலத்தில் போலீசு உடைத்த தொட்டியை இன்று காமிராக்கள் சூழ்கின்றன! கூட்டுக்கோப்பைக்கு எதிரே இறக்குமதிப் புட்டி நிற்கிறது. புட்டியைத் தனியே திறக்கலாம், தனியே முடிக்கலாம். போதும் என்று சொல்ல எவரும் எதிரே இருப்பதில்லை.

மது கேடு செய்யும். ஊர் கலைந்த இடத்திலே அந்தக் கேடு பன்மடங்காகும். மேலே இருந்து ஆணையிட்டுக் கோப்பையைப் பிடுங்கியவர்களால் குடியை நிறுத்த முடியவில்லை, காட்டுக்குள் விரட்டத்தான் முடிந்தது. காட்டுக்குள் அதற்கு அளவு வைத்தவர்கள் அந்த எளிய மக்களே. திருந்த வேண்டுமென்றால் அந்த வட்டத்தைக் கலைக்கத் தேவையில்லை. அதை அகலப்படுத்தினால் போதும். வீட்டிலே காத்திருப்பவளும் அதில் வந்து அமரட்டும். சிரட்டையால் தொட்டியைத் தட்டிப் "போதும்" என்று சொல்லும் உரிமை அவள் கைக்கும் வரட்டும். அன்றைக்கு அந்தத் தீவின் பள்ளிக்கூடம் உண்மையிலேயே பள்ளிக்கூடமாகும்.