வீண் இறுக்கத்தை விடும் வித்தை

நாற்காலியிலிருந்து எழும் ஒருவரை உற்று நோக்கினால், எழுவதற்குக் கால்களின் பலமே போதுமாயிருக்க, அவர் கழுத்தை இறுக்கித் தலையைப் பின்னுக்குச் சாய்த்து மூச்சையும் பிடித்துக்கொள்வது புலப்படும். நான்கைந்து கிலோ எடையுள்ள தலை முதுகெலும்பின் உச்சியில் இலகுவாக நிலைபெறாமல் இவ்வாறு பின்னுக்கு இழுக்கப்படுங்கால், அந்த இறுக்கம் முதுகையும் குறுக்கி, நாளடைவில் சரீரத்தின் சுபாவமாகவே ஊன்றிவிடுகிறது. இந்த வீண் பிரயத்தனத்தை விலக்கும் பயிற்சியை வகுத்தவர், 1869-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் பிறந்த பிரெடரிக் மத்தியாஸ் அலெக்ஸாண்டர்.

ஷேக்ஸ்பியர் நாடகப் பகுதிகளை மேடையில் ஒப்பித்து வந்த அவருக்கு அடிக்கடி குரல் கம்மிற்று. வைத்தியர் சொற்படி ஓய்வு கொண்டால் தெளிந்து, மேடையேறியதும் மறுபடி கம்மியது. ஆகவே தாம் பேசும் விதத்திலேயே கோளாறு இருக்கவேண்டுமென ஊகித்து, கண்ணாடிகளின் எதிரே நின்று கவனித்தபோது, வாய் திறக்கும் கணத்திலேயே தலையைப் பின்னுக்கு இழுத்துக் குரல்வளையை அழுத்துவதைக் கண்டார். அதைத் திருத்திவிட்டதாக உணர்ந்த வேளையிலும் கண்ணாடி பழைய குற்றத்தையே காட்டிற்று. நெடுநாட் பழக்கத்தால் உடலுணர்வே பிறழ்ந்துபோகும் என்பதை அதனால் அறிந்தார்.

எனவே அவருடைய முறையின் முதற்படி, செய்ய நினைத்ததை உடனே செய்யாமல் கணநேரம் தடுத்து நிற்பது. பின்பு கழுத்து தளர, தலை முன்னும் மேலுமாகச் செல்ல, முதுகு நீண்டு விரிய மனத்தால் மட்டும் பணித்து, அந்த நினைவு நீங்காமலே காரியத்தில் இறங்கவேண்டும். "நிமிர்ந்து உட்கார்" என்று நாம் குழந்தைகளுக்குச் செய்யும் உபதேசமோ, இறுக்கத்தின் மேல் மற்றோர் இறுக்கத்தையே ஏற்றுகிறது.

1904-இல் லண்டன் சென்று கற்பிக்கலான அவரிடம் எழுத்தாளர்களான பெர்னார்ட் ஷாவும் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் தத்துவ அறிஞர் ஜான் டூயியும் பயின்றனர். 1973-இல் நோபல் பரிசு பெற்ற விலங்கியல் நிபுணர் டின்பெர்கன், தம் பரிசுப் பேருரையிலேயே இம்முறையைப் போற்றினார். முதுகுவலியுற்ற 579 பேரைக்கொண்டு பிரிட்டனில் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஓராண்டு கழிந்தபின், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோர் நான்கு வாரத்தில் பொதுவாக 21 நாள் வலியுற்றிருக்க, இம்முறையில் 24 பாடம் கற்றோர் 3 நாளே வலியுற்றனர்.

முறையாகக் கற்க ஆசிரியரின் கைத்தொடுகை அவசியம். ஆயினும் தலைக்குக் கீழே சில புத்தகங்களை வைத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றி, தினந்தோறும் பத்துப் பதினைந்து நிமிஷம் மல்லாந்து படுத்திருப்பது எவர்க்கும் எளிது. வாசகர்கள் இன்றே இதைத் தொடங்கி, எழுமுன்னும் எழுதுமுன்னும் ஒரு கணம் நின்று, கழுத்தின் இறுக்கத்தை விட்டுப் பார்ப்பார்களாக.