மலைப் புகைவண்டியும் படக்கருவியும்

நுழையும்முன்

கரியெரித்து நீரைக் கொதிக்கவைத்து ஓடும் இயந்திரங்கள் சமவெளிப் பாதைகளிலிருந்து மறைந்துவிட்டன. எனினும், இந்திய மலைகள் சிலவற்றில் அவை இன்றும் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்ப்பதற்கும் படம்பிடிப்பதற்கும் உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அவர்கள் எதைக் காண்கின்றனர், எப்படிக் காண்கின்றனர் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

புகைவண்டி என்னும் சொல் தமிழில் இன்னும் வழக்கில் இருக்கிறது. மின்சாரத்தில் ஓடும் தொடர்வண்டியையும் நம் ஊர்களில் முதியோர் அப்பெயராலேயே குறிப்பிடுகின்றனர். சொல் நிலைத்துவிட்டது, சொல் சுட்டிய பொருள் விலகிவிட்டது. அச்சொல் பிறந்த காலத்துக் காட்சியை இன்று நேரில் காண விரும்புவோர் மலையேற வேண்டியுள்ளது. மேற்கு வங்காளத்தில் உள்ள டார்ஜிலிங் இமாலய இருப்புப்பாதை அத்தகைய இடங்களுள் தலையாயது. 1999ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இரண்டடிப் பாதை

இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தொலைவைக் கொண்டு இருப்புப்பாதைகளை வகைப்படுத்துவர். நம் நாட்டின் அகலப் பாதை 1676 மி.மீ. அகலமுடையது, மீட்டர் பாதை 1000 மி.மீ. டார்ஜிலிங் பாதையோ 610 மி.மீ. மட்டுமே. ஏறத்தாழ இரண்டடி, நம் வீட்டு வாசற்கதவின் அகலம்கூட இல்லை. பாதை குறுகும்பொழுது வளைவுகளையும் நெருக்கமாக அமைக்கலாம். மலையை வெட்டும் வேலையும் குறையும். செலவைக் குறைத்து, செங்குத்தான மலையில் வண்டியை ஏற்ற விரும்பியோர் குறுகிய பாதையைத் தேர்ந்ததற்கு இதுவே காரணம்.

1878இல் சமவெளி இருப்புப்பாதை சிலிகுரியை எட்டியது. அங்கிருந்து மேலே செல்ல மாட்டுவண்டிச் சாலை ஒன்றே இருந்தது. அச்சாலையை ஒட்டியே தண்டவாளம் அமைக்கலாம் என்று பிராங்க்ளின் பிரெஸ்டேஜ் என்னும் இருப்புப்பாதை அலுவலர் முன்மொழிந்தார். 1879இல் பணி தொடங்கியது. 1881 ஜூலையில் வண்டி டார்ஜிலிங்கை அடைந்தது. ஏறத்தாழ 120 மீட்டர் உயரத்தில் உள்ள சிலிகுரியிலிருந்து புறப்படும் பாதை, 2258 மீட்டர் உயரத்தில் உள்ள கூம் நிலையம்வரை ஏறி, பின்னர்ச் சற்றே இறங்கி டார்ஜிலிங்கைச் சேர்கிறது.

சுரங்கமோ பெரிய பாலமோ இன்றி இவ்வளவு உயரம் ஏறுவதற்கு இரண்டு உத்திகள் கையாளப்பட்டன. ஒன்று, பாதை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு தன் தலைக்கு மேலேயே கடந்து செல்லும் வளையம். மற்றொன்று, வண்டி முன்னே சென்று நின்று, பின்னோக்கி ஏறி, மீண்டும் முன்னோக்கிச் செல்லும் திருப்பம். மலைச்சரிவில் ஆங்கில இசட் எழுத்தை வரைந்தாற்போல் அப்பாதை தோன்றும். இத்தகைய திருப்பங்கள் ஆறு உள்ளன. வழி தெரியாமல் திகைத்த பிரெஸ்டேஜிடம், முன்னே போக முடியாவிடில் பின்னே போகலாமே என்று அவர் மனைவி சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ புனைவோ, அத்திருப்பத்தை இதைவிடச் சுருக்கமாக விளக்க இயலாது.

இயந்திரத்தின் மூச்சு

இப்பாதையில் ஓடும் 'பி' வகை நீராவி இயந்திரங்கள் 1889ஆம் ஆண்டு முதல் உருவாக்கப்பட்டவை. நான்கே சக்கரங்கள், எடை ஏறத்தாழ 15 டன். நீர்த்தொட்டி, குதிரைமேல் இட்ட சேணம்போல் கொதிகலனின்மீது கவிந்திருக்கும்.

இதனைப் படம்பிடிக்க விரும்புவோர் முதலில் இதன் ஒலியைப் பழகிக்கொள்ள வேண்டும். இயந்திரத்தின் இருபுறமும் ஓர் உருளை உண்டு. ஒவ்வோர் உருளையிலும் நீராவி, உந்துதண்டை முன்னும் பின்னுமாக இருமுறை தள்ளுகிறது. வேலை முடித்த நீராவி ஒவ்வொரு முறையும் புகைபோக்கி வழியே வெடித்து வெளியேறுகிறது. ஆகவே சக்கரம் ஒருமுறை சுற்றினால் நான்கு மூச்சொலிகள் எழும். இவ்வியந்திரச் சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 66 செ.மீ.; ஒரு சுற்றில் வண்டி நகரும் தொலைவு இரண்டு மீட்டருக்குச் சற்று மிகுதி. அப்படியாயின், அரை மீட்டருக்கு ஒரு மூச்சு. கண்ணை மூடிக்கொண்டு கேட்பவரும் வண்டியின் விரைவைக் கணித்துவிடலாம். ஏற்றம் கடுமையாகும்பொழுது மூச்சு மெதுவாகவும் ஆழமாகவும் ஒலிக்கும். திடீரென்று அது படபடவென விரைந்தால், சக்கரம் தண்டவாளத்தில் பிடிப்பிழந்து வெறுமனே சுழல்கிறது என்று பொருள்.

புகைபோக்கியின் மேலே நாம் காணும் வெண்மை, நீராவியன்று. நீராவி கண்ணுக்குப் புலப்படாது. வெளியேறியதும் குளிர்காற்றில் பட்டு நுண்துளிகளாக மாறிய நீரே வெண்முகிலாகத் தோன்றுகிறது. குளிர் மிகுந்தால் முகிலும் மிகும். கரும்புகை வேறு, அது முழுமையாக எரியாத கரியின் துகள். இயற்பியல் வகுப்பில் கற்ற ஆவியாதலும் குளிர்ந்து நீராதலும் இங்கே ஒரே நொடியில் நிகழ்கின்றன.

மணல் தூவும் கைகள்

இருப்பின்மேல் இரும்பு உருளும் மலைப்பாதையில் பிடிப்பே உயிர். மூடுபனியும் மழையும் தண்டவாளத்தை நனைத்துவிட்டால் சக்கரம் வழுக்கும். அதனைத் தடுப்பதற்காக, இயந்திரத்தின் முகப்பில் இருவர் அமர்ந்து தண்டவாளத்தின்மீது கையால் மணல் தூவிக்கொண்டே வருவது டார்ஜிலிங் வண்டிகளின் நெடுங்கால வழக்கம். கரிக்குவியலின்மேல் அமர்ந்து பெருங்கட்டிகளை உடைத்துக் கொடுக்க ஒருவர், அடுப்பில் கரியை அள்ளிப் போட மற்றொருவர், இவர்களோடு ஓட்டுநர். இத்தனை சிறிய இயந்திரத்துக்கு ஐவர் உழைப்பு.

இயந்திரத்தை அருங்காட்சியகத்தில் வைக்கலாம். அதன் நீளம், அகலம், எடை ஆகியவற்றை ஏட்டில் எழுதி வைக்கலாம். ஆனால், எந்த வளைவில் எவ்வளவு மணல் வேண்டும் என்று அறிந்த ஒரு கையின் அசைவை எங்கே வைப்பது? கரியை அடுப்பின் எந்த மூலையில் வீசினால் ஏற்றம் முடியும்வரை ஆவியழுத்தம் குன்றாது என்பதை எந்த ஏட்டில் எழுதுவது? அசையும் படமும் ஒலியுமே அவற்றைத் தாங்க வல்லவை. மலைப் புகைவண்டியைப் படமெடுப்பதைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாததற்கு இதுவே காரணம். பெரும்பாலோர் கரிய இயந்திரத்தையும் வெண்புகையையும் மட்டுமே படமெடுத்துத் திரும்புகின்றனர். முகப்பில் அமர்ந்திருப்பவர் அப்படங்களில் ஒரு நிழலாகவே நின்றுவிடுகிறார். அவரிடம் ஒரு சொல் கேட்டு, இசைவு பெற்று, அவர் கைகளையும் படமெடுப்பவரின் பதிவே பிற்காலத்துக்கு மிகவும் பயன்படும்.

எங்கே நிற்பது?

இன்று முழுத்தொலைவு வண்டிகளைப் பெரும்பாலும் டீசல் இயந்திரங்களே இழுக்கின்றன. டார்ஜிலிங்குக்கும் கூமுக்கும் இடையே ஓடும் சுற்றுலா வண்டிகளில்தான் நீராவி இயந்திரத்தைக் காண வாய்ப்பு மிகுதி. அவ்விரண்டனுள் கூம் உயரமானது. எனவே, டார்ஜிலிங்கிலிருந்து கூம் நோக்கி ஏறும் வண்டியையே தேர்ந்துகொள்ள வேண்டும். இறங்கும் வண்டிக்கு நீராவி வலிமை தேவைப்படுவதில்லை; புகையும் குறைவு, ஓசையும் குறைவு. இதை அறியாமல், இறங்கும் வண்டிக்காக மணிக்கணக்கில் காத்திருந்து ஏமாறுவோர் உண்டு.

அடுத்தது ஒளி. சூரியனை நமக்குப் பின்னே வைத்துப் படமெடுத்தால் இயந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பும் தெளிவாகத் தெரியும்; ஆனால், புகை தட்டையாகத் தோன்றும். சூரியன் வண்டிக்குப் பின்னே இருந்தால் புகையின் ஓரங்கள் ஒளிரும்; இயந்திரமோ இருண்டுவிடும். பதாசியா வளையத்தில் இச்சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. அங்கிருந்து வடக்கே, 8586 மீட்டர் உயரமுடைய கஞ்சன்ஜங்கா சிகரம் தெரியும். சிகரத்தை நோக்கிக் கருவியைத் திருப்பினால் காலைக் கதிரவன் நம் முதுகுப்புறம் வந்துவிடும். சிகரமும் ஒளிரும் புகையும் ஒரே சட்டத்துள் அமைவது அரிது. இரண்டில் ஒன்றைத் துறக்க வேண்டும். என் கருத்தில், சிகரத்தை அஞ்சலட்டைகளுக்கு விட்டுவிட்டுப் புகையைத் தேர்ந்தெடுப்பதே மேல்.

கைப்பேசியில் படமெடுப்போர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கரிய இயந்திரம் சட்டத்தை நிறைக்கும்பொழுது கருவி தானாகவே ஒளியைக் கூட்டும்; வெண்முகில் பரவியதும் குறைக்கும். படம் வெளிறியும் இருண்டும் தடுமாறும். ஒளியளவை முன்பே நிலைநிறுத்திவிட்டால் இக்குறை நேராது. வண்டி தெரிவதற்கு வெகுமுன்னரே பதிவைத் தொடங்கிவிட வேண்டும். மலையில் முதலில் வருவது ஒலிதான். வளைவுக்கு அப்பால் எழும் ஊதலும், எதிர்மலையில் பட்டுத் திரும்பும் அதன் எதிரொலியும் காட்சியின் பாதி. அப்பொழுது படமெடுப்பவர் பேசாதிருத்தல் நன்று.

பாதையும் சாலையும் அருகருகே செல்வதாலும் வண்டி மெதுவாகச் செல்வதாலும், மகிழுந்தில் முந்திச் சென்று அடுத்தடுத்த வளைவுகளில் காத்திருப்போர் பலர். இப்பாதையின் இந்த இயல்பு திரைப்படத்துக்கும் உதவியது. 1969இல் வெளிவந்த 'ஆராதனா' என்னும் இந்தித் திரைப்படத்தில் நாயகன் ஜீப்பில் பாடிக்கொண்டு வர, நாயகி மலைவண்டியின் சன்னலோரம் அமர்ந்திருப்பாள். சாலைக் காட்சிகள் டார்ஜிலிங்கில் எடுக்கப்பட்டவை. நாயகி தோன்றும் பகுதிகளோ மும்பையில் படப்பிடிப்புத் தளத்தில் எடுக்கப்பட்டு இணைக்கப்பட்டவை. பார்ப்போருக்கு வேறுபாடு தோன்றாது.

தொடர்வண்டியும் திரையும்

தொடர்வண்டியும் திரைப்படமும் தொடக்கம் முதலே உறவுடையவை. பிரான்சு நாட்டின் லூமியேர் உடன்பிறந்தோர் எடுத்த, நிலையத்தில் வண்டி வந்து நிற்கும் ஒரு நிமிடத்துக்கும் குறைவான படம், 1896 ஜூலையில் மும்பையில் திரையிடப்பட்டவற்றுள் ஒன்று. தமிழகத்தில் ஊர் ஊராகச் சென்று படம் காட்டிய முன்னோடியான சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சிராப்பள்ளியில் இருப்புப்பாதை நிறுவன ஊழியராக இருந்தவர். 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி அவர் தம் பயணத்தைத் தொடங்கினார்.

புகையைத் திரையில் வடித்தவர்களுள் சத்யஜித் ராய் குறிப்பிடத்தக்கவர். 'பதேர் பாஞ்சாலி' திரைப்படத்தில் இரு சிறார் வெண்ணிற நாணற்பூக்களுக்கு இடையே ஓடி வண்டியைக் காண்பர். வெண்மைக்குப் பின்னே கரும்புகை வேண்டும் என்பதற்காக, இயந்திரத்தில் தம் குழுவினர் ஒருவரை ஏற்றி, உரிய இடத்தில் கரியிடச் செய்தார் ராய். அது மலைப்பாதையன்று, ஆயினும் புகையின் நிறத்தையும் நேரத்தையும் அறிந்து படமெடுப்பதற்கு அதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

நம் நீலகிரியில்

நம் மாநிலத்தின் நீலகிரி மலைப்பாதை மீட்டர் பாதை; டார்ஜிலிங் பாதையைவிட அகலமானது, ஆனால் மிகவும் செங்குத்தானது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, தண்டவாளங்களின் நடுவே பதித்த பற்சட்டத்தை இயந்திரத்தின் பற்சக்கரம் பற்றிக்கொண்டு ஏறுகிறது. இங்கே மணலுக்கு வேலையில்லை. மேலேறும்பொழுது இயந்திரம் வண்டியின் பின்புறம் நின்று தள்ளும். முன்புறம் நின்று படமெடுக்கக் காத்திருப்பவருக்குப் பெட்டிகளும், அவற்றின் மேடையில் கொடியுடன் நிற்கும் தடையாளர்களுமே முதலில் தென்படுவர்; புகை இறுதியில் வரும். டேவிட் லீன் இயக்கிய 'எ பாசேஜ் டு இந்தியா' என்னும் திரைப்படத்தின் மலைவண்டிக் காட்சிகள் இப்பாதையில் எடுக்கப்பட்டவை. 'மூன்றாம் பிறை' திரைப்படத்தின் இறுதிக் காட்சி நிகழும் கேத்தி நிலையமும் இப்பாதையில்தான் உள்ளது. இங்கு ஓடுவதற்கான புதிய நீராவி இயந்திரங்கள் 2011 முதல் திருச்சிராப்பள்ளி பொன்மலைப் பணிமனையில் செய்யப்பட்டன என்பது பலர் அறியாத செய்தி.

பாதுகாப்பும் பதிவும்

மலைவண்டி மெதுவாகச் செல்வதால் அச்சம் குறைகிறது. அதுவே ஆபத்து. பெட்டிகள் தண்டவாளத்துக்கு வெளியேயும் நீண்டிருக்கும்; பின்னோக்கி நகரும் வண்டியின் ஓட்டுநருக்குப் பாதை முழுவதும் தெரியாது; கருவியின் திரையை நோக்கும் கண்ணுக்குத் தொலைவு புலப்படாது. 1989ஆம் ஆண்டு இருப்புப்பாதைச் சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி, இசைவின்றித் தண்டவாளப் பகுதிக்குள் நுழைதல் ஆறு மாதம்வரை சிறையோ ஆயிரம் ரூபாய்வரை தண்டமோ பெறத்தக்க குற்றம். சாலையோரமும் நிலைய மேடையும் படமெடுக்கப் போதுமானவை.

எடுத்த படத்தோடு நாள், நேரம், இடம், வண்டி ஏறியதா இறங்கியதா என்பது, இயந்திரத்தின் எண் ஆகியவற்றையும் குறித்து வைக்க வேண்டும். 2010 ஜூனில் பாக்லாஜோரா என்னுமிடத்தில் பெரும் நிலச்சரிவு ஏற்பட்டுப் பாதை அறுந்தது. அடுத்த ஆண்டு திண்டாரியா அருகிலும் சரிந்தது. 2015 இறுதிவரை சமவெளியிலிருந்து டார்ஜிலிங்வரை முழுமையாக வண்டி ஓடவில்லை. அவ்வாண்டுகளில் அந்தச் சரிவுகளின் வழியே வண்டி ஏறுவதைக் காண விரும்பியோருக்கு, முன்பு எவரோ எடுத்து, நாளும் இடமும் எழுதி வைத்திருந்த படங்களே கிடைத்தன.