கூட்டை விட்டு இறங்காத கோழி

கோழிக்கு வருத்தம் வந்தால் அது முதலில் செய்வது அந்த வருத்தத்தை மறைப்பதுதான். பலவீனமான கோழியை மற்றக் கோழிகள் கொத்தி விரட்டும். கீரியும் காகமும் அதையே குறிவைக்கும். ஆகவே ஒரு கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்பது நமது கண்ணில் படும்போது, வருத்தம் தொடங்கி ஓரிரு நாள் ஆகியிருக்கக்கூடும். பொத்துவிலில் எங்கள் வளவில் எட்டு முட்டைக் கோழிகள் இருக்கின்றன. எனது ரியூஷன் காசு அந்த முட்டைகளில்தான் வருகிறது. அதனால் இதைக் கொஞ்சம் கவனமாகவே படித்துவைத்திருக்கிறேன்.

காலையில் கூடு திறக்கும் நேரமே பரிசோதனைக்கு நல்ல நேரம். சுகமான கோழி கதவைத் திறந்ததும் தீனுக்கு ஓடிவரும். கூட்டை விட்டு இறங்காத கோழியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே நெஞ்சுப் பக்கம் இருக்கும் தீன்பை, இரவு முழுவதும் செரித்துக் காலையில் வெறுமையாக இருக்கவேண்டும். கல்லுப்போல இருந்தால் நீளப் புல்லோ பொலித்தீன் துண்டோ அடைத்திருக்கலாம். தேங்காயெண்ணெய் சில துளி கொடுத்து, மெதுவாகத் தடவிவிடலாம். தலைகீழாகப் பிடித்து உலுக்கக் கூடாது. உள்ளே இருப்பது மூச்சுக்குழாயில் போய்விடும்.

அடைக்குக் கிடக்கும் கோழியும் கூட்டை விட்டு இறங்காது. ஆனால் அது கையை நீட்டினால் உப்பி, உறுமி, கொத்தவரும். வருத்தக்காரக் கோழியோ யார் தூக்கினாலும் பேசாமல் இருக்கும். இறகு உதிர்க்கும் காலத்தில் முட்டை நின்றுபோவதும் நோயல்ல.

முட்டைக் கோழிக்கே உரிய ஆபத்து முட்டை அடைப்பு. ஒரு முட்டை உருவாகி வெளியே வர ஏறக்குறைய 25 மணித்தியாலம் செல்லும். அதில் 20 மணித்தியாலம் அளவு ஓடு கட்டவே போகிறது. ஓர் ஓட்டுக்கு 2 கிராம் அளவு கல்சியம் வேண்டும். தீனில் அது போதாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கும். முட்டையைத் தள்ளும் தசைக்கும் கல்சியம் தேவை என்பதால், குறைந்தால் முட்டை உள்ளேயே நின்றுவிடுகிறது. கோழி பென்குயின் போல நிமிர்ந்து நிற்கும், வாலை ஆட்டி ஆட்டி முக்கும், முட்டையிடும் இடத்துக்குப் போய்ப்போய் வெறுமனே திரும்பும். கை தாங்கும் சூட்டு நீரில் அதன் வயிற்றுப் பகுதியை கால் மணித்தியாலம் வைத்து, துடைத்து, இருட்டான, சூடான பெட்டியில் தனியே விடவேண்டும். முட்டையை உள்ளே உடைக்கவே கூடாது. அன்றைக்குள் வராவிட்டால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோகவேண்டும். வராமல் தடுக்கவோ நமது கடற்கரையே போதும்: சிப்பி ஓட்டைக் கழுவிக் காயவைத்து, இடித்து, தனிச் சிரட்டையில் வைத்தால் கோழி தேவையான அளவைத் தானே கொத்தும்.

இவையெல்லாம் ஒரு கோழியின் வருத்தங்கள். இரண்டு மூன்று கோழிகள் ஒன்றாகத் தூங்கி விழுந்து, பச்சையாகக் கழிந்து, வாய் திறந்து மூச்சு வாங்கினால் கதை வேறு. கழுத்தும் முறுகினால் ராணிக்கெட் என்றே சந்தேகிக்கவேண்டும். 1926 இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசலிலும் அடையாளம் காணப்பட்ட வைரஸ் நோய் இது. ராணிக்கெட் என்பது அது கண்டறியப்பட்ட வட இந்திய மலைநகரின் பெயர். இதற்கு மருந்து இல்லை. பாமசியில் வாங்கிய கப்சூலை உடைத்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது வீண்செலவு.

இந்த இடத்தில் எங்கள் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. "சாகிறதுக்கு முந்தி அறுத்துடு புள்ள" என்பார் எங்கள் மூத்தம்மா. செத்தால் ஹராம், வீணாகிவிடும் என்ற அவசரம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் நோய்க் கோழியின் இரத்தமும் குடலும் இறகும் வளவில் சிந்தினால், அதைக் கொத்துவது அயல்வீட்டுக் கோழியும் காகமும்தான். ஒரு கோழியின் இறைச்சியை மிச்சம் பிடிக்கப்போய் தெருவே கோழியில்லாமல் போகலாம். அறுப்பவரின் கண்ணும் இந்த வைரஸால் சிவந்து வீங்கலாம். பறவைக் காய்ச்சலின் அறிகுறிகளும் இதுபோலவே இருப்பதால், பல கோழிகள் ஒன்றாகச் செத்தால் மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டும். செத்ததைக் கடலிலோ களப்பிலோ எறியாமல், சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைக்கவேண்டும்.

இருக்கும் ஒரே வழி தடுப்பு மருந்து. குளிரூட்டி இல்லாத கிராமங்களை நினைத்து, வெப்பத்தை ஓரளவு தாங்கும் ஐ-2 என்ற வகையை அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்பிராட்புரோ உருவாக்கினார். கண்ணில் ஒரு சொட்டு. சில மாதத்துக்கு ஒருமுறை மீண்டும். மொசாம்பிக், தான்சானியாவில் கிராமத்துப் பெண்களே இதை இடுகிறார்கள். நமக்கு எந்த மருந்து, எப்போது என்பதை மிருக வைத்தியர் சொல்வார். சுகமான கோழிக்கு மட்டுமே இடவேண்டும். நோய் கூட்டுக்குள் வந்தபின் இடுவது பிந்தியது. மாரி மழைக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. சந்தையில் வாங்கிய புதுக்கோழியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே கூட்டில் சேர்க்கவேண்டும்.

வைத்தியர் வேறு நோய்க்கு மருந்து தந்தால், முட்டையை எத்தனை நாள் விலக்கவேண்டும் என்று அங்கேயே கேளுங்கள். உம்மா அந்தத் திகதியைக் கலண்டரில் வட்டமிட்டு வைப்பார். அதுவரை முட்டை கடைக்கும் போகாது, எங்கள் சட்டிக்கும் வராது.