மரக்காணத்து உப்பு

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் மரக்காணத்தருகே காரை நிறுத்தி இறங்குவதுண்டு. பளபளக்கும் தண்ணீர்ப் பாத்திகளும் வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்களும் படம் பிடிக்க அழகாகத்தான் இருக்கின்றன. ஐந்து நிமிஷத்தில் கண் கூசுகிறது, காருக்குள் ஏறிவிடுகிறோம். பாத்தியில் நிற்கும் பெண்களுக்கு அந்தச் சௌகரியம் ஏது?

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள சின்னஞ்சிறு பேரூராட்சி இது. ஒரு பக்கம் வங்கக் கடல். மறு பக்கம் கழுவெளி என்னும் பரந்த நீர்ப்பரப்பு. பக்கத்திலேயே, வறண்ட கோடையிலும் பச்சை மாறாத குரும்புரம் காடு. சிவபூஜை செய்யாமல் உண்ணாத பக்தர் ஒருவருக்கு, மரக்காலைக் கவிழ்த்து வைத்து 'இதுதான் லிங்கம்' என்று காட்டினார்களாம். பூஜை முடிந்து பார்த்தால் மரக்கால் காணோம்! ஊர்ப் பெயர் அப்படி வந்தது என்பார்கள். கதை கிடக்கட்டும், இங்குள்ள பூமீஸ்வரர் கோயிலின் சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே உப்பளங்களைப் பற்றிய செய்தி உண்டு.

ஒரு லிட்டர் கடல் நீரில் உப்பு சுமார் 35 கிராம்தான். அதைப் பிரித்தெடுக்க, உப்பு நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவிடுகிறார்கள். பதம் வந்ததும் உப்பு பூக்கிறது. முழுக்க வற்றும் வரை விட்டுவிட்டாலோ, கசப்புச் சத்தும் சேர்ந்து உறைந்து உப்பே கெட்டுவிடும். நம் பாகுப் பதம் போலத்தான்! ஜெர்மனியின் லூனபர்க் நகரில் வெயில் போதாது. நிலத்தடி உப்புநீரைக் காய்ச்சித்தான் உப்பு எடுத்தார்கள். 1980-ல் அந்த ஆலையையும் மூடிவிட்டார்கள். நமக்கு அடுப்புச் செலவு இல்லை, சூரியன் இருக்கிறான். ஆனால் அந்த அடுப்பின் முன்னால் நாளெல்லாம் நிற்பவர்கள் மனிதர்கள். ஆண்கள் பலகையால் உப்பை வாரிக் கரையேற்ற, பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் சுமக்கிறார்கள். உப்பு நீரில் ஊறிய பாதம் வெடிக்கிறது. வெடிப்பில் மறுபடியும் உப்பு நீர். கறிவேப்பிலை நறுக்கும்போது விரலில் கீறிய இடத்தில் உப்புப் பட்டால் நாம் எப்படித் துடிக்கிறோம், அம்மணி!

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் வேலையே கிடையாது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த பெஞ்சல் புயலின் மழையில் இந்த உப்பளங்கள் மூழ்கிப்போயின. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்துக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-ல் தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனாலும் உங்கள் வீட்டு மளிகைச் சிட்டையை எடுத்து, மூன்று மாதத்துக்குக் கூட்டிப் பாருங்கள்.

அதே மாதங்களில்தான் கழுவெளிக்குத் தூர தேசத்துப் பறவைகள் வந்து இறங்குகின்றன. 2021 டிசம்பரில் அது பறவைகள் சரணாலயமாயிற்று. பறவை பார்க்க நகரத்திலிருந்து ஜனங்கள் வருகிறார்கள். தண்ணீர் வடிந்ததும் உப்பளத்துப் பெண்கள் மீண்டும் பாத்தியில் இறங்குகிறார்கள். இந்த முறை முதல் வேலை, சேற்றைக் காலால் மிதித்து மிதித்துத் தரையைக் கெட்டிப்படுத்துவது.