வீடு மாறுகிறீர்களா? நெட் இணைப்பையும் முறையாகக் காலி செய்யுங்கள்

கேஸ் இணைப்பை மாற்றக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட நம் ஆட்கள் நெட் இணைப்பில் காட்டுவதில்லை. பழைய வீட்டில் நெட் பெட்டியை ஹவுஸ் ஓனரிடமே விட்டுவிட்டுப் போகிறார்கள். போஸ்ட்பெய்டு பில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சில மாதம் கழித்து வசூல்காரர் போன் செய்கிறார். புது வீட்டிலோ, கேபிள்காரர் "ஃபைபர்தான் சார்" என்றதும் ஒரு வருடப் பணத்தை ஜிபேயில் அனுப்பிவிடுகிறார்கள். ரசீது கேட்பதே இல்லை.

முதலில் புது வீட்டுக்குள் வரும் ஒயரைப் பாருங்கள். பச்சை அல்லது நீல நிறச் சதுர முனையுள்ள மெல்லிய ஒயர் ஓஎன்டி எனப்படும் ஃபைபர் மோடம் பெட்டியில் செருகப்பட்டால் அது ஃபைபர். மொட்டை மாடியில் நெட்வொர்க் ஸ்விட்ச் வைத்து அங்கிருந்து லேன் ஒயர் இழுத்தால், ஃபைபர் மாடியோடு சரி. அந்த ஸ்விட்சுக்குக் கரண்ட் போனால், உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் நெட் நின்றுவிடும். டிவி கேபிள் வழியாக வரும் இணைப்பில் டவுன்லோடு வேகம் நன்றாகவே இருக்கலாம். அப்லோடு பெரும்பாலும் குறைவு. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் அப்லோடு வேகத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

விளம்பர விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். மாதம் எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும், வீடு மாறினால் என்ன கட்டணம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். முதலில் மாதப் பிளான் போதும். வருடப் பிளான் வேண்டவே வேண்டாம்.

பழைய வீட்டைக் காலி செய்யும்போது, புது முகவரியில் அதே நிறுவனத்தின் இணைப்பு கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். கிடைக்காவிட்டால், நிறுத்தும் தேதியைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெட்டியின் அடியில் உள்ள சீரியல் எண்ணைப் போட்டோ எடுங்கள். அடாப்டரோடு ஒப்படைத்து, தேதியும் சீரியல் எண்ணும் போட்ட ரசீதை வாங்குங்கள். "சிஸ்டத்துல அப்டேட் ஆயிடும் சார்" என்பது ரசீது ஆகாது.

பெட்டிக்குக் கட்டிய டெபாசிட் திரும்பவில்லையா? நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து டாக்கெட் எண் (புகார் எண்) வாங்குங்கள். தீரவில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அது தனிநபர் புகார்களைத் தீர்ப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

"டெலிகாம் புகார் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரும் என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டிய சேவைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணமும் கிடையாது.

திரும்பவும் சொல்கிறேன்: ரசீது இல்லாமல் பணம் கட்டாதீர்கள், ரசீது இல்லாமல் பெட்டியைக் கொடுக்காதீர்கள். அந்தத் துண்டுச் சீட்டு இல்லாவிட்டால் ஆணையத்திலும் உங்கள் வழக்கு நிற்பது கஷ்டம்.