கடலுக்குள் பிளாஷ்: ஆட்டோவா, மேனுவலா?

கோவில்பதாகை, ஆவடி பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கடல் என்பது ரயிலேறிப் போய்ப் பார்க்கிற சமாச்சாரம். ஆனால் சென்னையில் விமானம் ஏறினால் சில மணி நேரத்தில் அந்தமானில் இறங்கிவிடலாம். அங்கே ஸ்கூபா கற்றுக்கொண்டு, கேமராவுக்கு நீர்புகாத உறையும் வாங்கி மாட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள் எல்லோருக்கும் முதல் நாள் ஒரே ஏமாற்றம்தான். கண்ணுக்கு அத்தனை அழகாகத் தெரிந்த பவளப்பாறை படத்தில் பாசி பிடித்த சுவர் மாதிரி இருக்கும். பிளாஷ் வாங்கவேண்டும் என்ற பேச்சு அன்று இரவே தொடங்கிவிடும், டி.டி.எல். என்கிற ஆட்டோ பிளாஷா, மேனுவலா என்ற கேள்வி மறுநாள் வரும்.

நிறம் காணாமல் போவதற்குக் காரணம் தண்ணீர். வெளிச்சத்தில் உள்ள சிவப்பைத்தான் அது முதலில் விழுங்குகிறது. ஐந்து மீட்டர் ஆழத்துக்குள்ளேயே சிவப்பில் பெரும்பகுதி போய்விடும். பிறகு ஆரஞ்சு, அதன் பிறகு மஞ்சள். இருபது மீட்டரில் கையில் கீறல் பட்டால் ரத்தம் கரும்பச்சையாகத் தெரியும். ஆழத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு இல்லை, பக்கவாட்டுத் தூரத்துக்கும் உண்டு. ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் மீனுக்கு பிளாஷ் அடித்தால் வெளிச்சம் போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர். தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால் பங்காகும் என்பது தரையிலும் உள்ள விதி. தண்ணீர் தன் பங்கையும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால் ஒன்றரை மீட்டருக்கு அப்பால் பிளாஷ் அடித்துப் பெரிய பலன் இல்லை.

1926-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா பக்கம் வில்லியம் லாங்லி, சார்ல்ஸ் மார்ட்டின் இருவரும் கடலுக்கடியில் முதல் வண்ணப்படம் எடுத்தபோது, மெக்னீசியம் பொடியைத் தெப்பத்தில் வைத்து வெடிக்கவைத்துத்தான் வெளிச்சம் உண்டாக்கினார்கள். எவ்வளவு பொடி என்பதை மனிதர்தான் முடிவு செய்யவேண்டும். அந்த முடிவைக் கேமராவிடம் ஒப்படைத்தது வெகு காலம் கழித்து. 1984-ல் வந்த நிக்கானோஸ் 5 என்ற ஃபிலிம் கேமரா, லென்ஸ் வழியாக உள்ளே வரும் வெளிச்சத்தை அளந்து, போதும் என்றதும் பிளாஷை நிறுத்தியது. டி.டி.எல். என்பது இதுதான். ஒரு ரோலில் 36 படம். கழுவிப் பார்த்தால்தான் விழுந்ததா இல்லையா என்று தெரியும். அந்தக் காலத்து டைவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

டிஜிட்டல் கேமராவில் வேலை கொஞ்சம் மாறியிருக்கிறது. பட்டனை அழுத்தியதும் பிளாஷ் முதலில் லேசாக ஒரு முறை மின்னும். அது எதன் மீதாவது பட்டுத் திரும்பி வருவதைக் கேமரா அளக்கும். அதை வைத்து நிஜமான பிளாஷ் எவ்வளவு நேரம் எரியவேண்டும் என்று கணக்குப் போடும். இரண்டும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பதால் ஒரே மின்னல் போலத் தோன்றும். எதிரே இருப்பது ஆமையா, பாறையா என்பது இந்தக் கணக்கில் வராது. எவ்வளவு வெளிச்சம் திரும்பி வந்தது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும்.

ஆவடியில் கல்யாண மண்டபத்தில் படம் எடுக்கிற எந்த போட்டோகிராஃபரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். முகூர்த்தத்தில் பட்டுவேட்டி, வெள்ளைச் சட்டையோடு மாப்பிள்ளை நின்றால் ஆட்டோவில் படம் மங்கும். மாலை ரிசப்ஷனில் அதே ஆள் கறுப்புக் கோட்டில் வந்தால் முகம் வெளுத்துப்போகும்.

கடலில் இந்தக் கறுப்புக் கோட்டுத் தொல்லை பல மடங்கு. ஃப்ரேமின் நடுவில் ஒரு ஆமை, சுற்றிலும் திறந்த நீலக்கடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீலத்திலிருந்து எந்த வெளிச்சமும் திரும்பி வராது. கேமரா ‘இருட்டாக இருக்கிறது’ என்று நினைத்து முழு பவரையும் கொட்டும். ஆமையின் ஓடு சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துவிடும். வெள்ளி மின்னும் பாரைக் கூட்டமோ வெண்மணலோ எதிரே இருந்தால் நேர் எதிர். செதில் கண்ணாடி போல வெளிச்சத்தைத் திருப்பியடிக்க, பிளாஷ் பாதியிலேயே அணைந்து மற்றதெல்லாம் இருண்டு கிடக்கும்.

ஆட்டோ நன்றாக வேலை செய்கிற இடமும் உண்டு. மன்னார் வளைகுடாவில் கடற்புல்லைச் சுற்றிக்கொண்டு நிற்கும் கடற்குதிரையை மேக்ரோ லென்ஸில் நெருங்கி, ஃப்ரேம் நிறைய எடுக்கிறீர்கள் என்றால் ஆட்டோவே போதும். திரும்பி வரும் வெளிச்சம் பெரும்பாலும் அந்த உயிரிடமிருந்தே வரும். நெருக்கத்தில் தூரம் பத்து சென்டிமீட்டர், இருபது சென்டிமீட்டர் என்று நொடிக்கு நொடி மாறும். இரண்டுக்கும் நடுவே வெளிச்சத்தில் நான்கு மடங்கு வித்தியாசம். பவர் குமிழைக் கையால் திருகிக்கொண்டிருந்தால், திருகி முடிப்பதற்குள் மீன் போய்விடும். கடற்குதிரை வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பது என்பதும் நினைவிருக்கட்டும்: நல்ல கோணத்துக்காக அதைத் தொட்டுத் திருப்புவதற்கு எந்த மோடிலும் அனுமதி இல்லை.

மற்ற எல்லாவற்றுக்கும் என் ஓட்டு மேனுவலுக்கு. மேனுவல் கஷ்டம் என்ற பேச்சு தரையிலிருந்து வந்தது. மண்டபத்தில் ஒரு நிமிடம் மணமேடை, அடுத்த நிமிடம் பந்தி. தூரம் மாறிக்கொண்டே இருக்கும். கடலுக்குள் தூரத்தை முடிவு செய்வது நீங்கள் இல்லை, தண்ணீர். அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குள் ஒரு தூரத்தைப் பிடித்துக்கொண்டு, எப்படியும் அங்கிருந்துதான் எடுக்கப்போகிறீர்கள். தூரம் ஏறக்குறைய ஒன்றே என்றால் பவரும் ஏறக்குறைய ஒன்றே. ஐஎஸ்ஓ 200, எஃப் 8, ஷட்டர் 1/125, பிளாஷ் அரை பவர் என்று தொடங்குங்கள். ஒரு படம் எடுத்து, கேமராவின் பின்னாலுள்ள திரையில் ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தைப் பாருங்கள். ஓவராக இருந்தால் கால் பவர், அண்டராக இருந்தால் இன்னும் கொஞ்சம் கிட்டே போங்கள். ஃபிலிம் காலத்து டைவருக்கு இல்லாத வசதி அந்தச் சின்னத் திரை. அது வந்த பிறகு ஆட்டோவின் பாதித் தேவை போய்விட்டது.

மேனுவலில் இன்னொரு சுகம், மீனும் கடலும் தனித்தனிக் கட்டுப்பாட்டில் வந்துவிடும். பிளாஷ் மீனுக்கு, ஷட்டர் பின்னணிக்கு. ஷட்டரை 1/60 ஆக்கினால் நீலம் வெளுக்கும், 1/200 ஆக்கினால் கருநீலமாகும். மீன்மேல் விழும் பிளாஷ் வெளிச்சம் அப்படியே இருக்கும். பேட்டரி லாபமும் உண்டு. உறைக்குள் இருக்கும் கேமராவின் சொந்த பிளாஷ், ஃபைபர் கேபிள் வழியாக வெளி பிளாஷுக்கு ‘அடி’ என்று சொல்லும் வேலையை மட்டும் செய்தால் போதும் என்பதால் அதை மிகக் குறைந்த பவரில் வைத்துவிடலாம். அது சார்ஜ் ஆகும்வரை அடுத்த படத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

எந்த மோடும் தீர்க்காத ஒன்று, படம் முழுக்கப் பனி பெய்ததுபோல் விழும் வெள்ளைப் புள்ளிகள். மன்னார் வளைகுடாவிலும் சென்னைக் கரையோரத்திலும் நீர் கலங்கலாக இருக்கும் நாள் அதிகம். மிதக்கும் தூசு ஒவ்வொன்றும் பிளாஷைத் திருப்பி அனுப்பும். பிளாஷைக் கை நீளத்துக்குப் பக்கவாட்டில் விரித்து, லென்ஸுக்குச் சற்றுப் பின்னே வைத்து, அதன் முகத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பினால் வெளிச்சத்தின் ஓரம் மட்டும் மீன்மேல் படும், நடுவில் உள்ள தூசு இருட்டில் தங்கும். ஆட்டோவா மேனுவலா என்று மண்டையை உடைத்துக்கொள்கிற நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.

பழகிப் பார்க்கக் கடல்வரை போகவேண்டியதில்லை. வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன கொளத்தூர் நமக்குப் பக்கம்தான். ஒரு தொட்டி, நாலு நியான் டெட்ரா, பின்னால் ஒட்டக் கறுப்பு சார்ட் பேப்பர். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து, பிளாஷைத் தொட்டிக்கு மேலே பிடித்து, முதலில் ஆட்டோவில் அடியுங்கள். விரல் நுனி அளவு மீனும் சுற்றிலும் கறுப்பும் என்பதால் மீனின் உடலில் உள்ள சிவப்புப் பட்டை வெளுத்துப்போவதைப் பார்க்கலாம். பிறகு மேனுவலில் எட்டில் ஒரு பங்கு பவருக்கு வந்து, பட்டையின் சிவப்பு திரும்பும்வரை ஒவ்வொரு படியாக ஏற்றி இறக்குங்கள். கடைக்குப் போகும்போது டி.டி.எல். இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், பவர் குமிழைக் கையுறை போட்ட விரலால் திருக முடிகிறதா என்று பாருங்கள்.